மரபணுவில் தொடக்கக் குறியே இல்லை, புரதம் மட்டும் எப்படி வருகிறது?

மக்காச்சோளத்தின் பசுங்கணிகத்தில் (ஒளிச்சேர்க்கை நடக்கும் செல் உறுப்பு) உள்ள ஆர்பிஎல்2 மரபணு ஏசிஜி என்று ஆரம்பிக்கிறது, புரதம் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் தொடக்கக் குறியான ஏடிஜி அங்கே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குறி ஆர்.என்.ஏவில்தான் உருவாகிறது. படியெடுக்கும்போது அதிலும் ஏசிஜிதான் இருக்கும். அப்புறம் நடுவிலுள்ள சி, யு ஆக மாற்றப்படுகிறது. ஆர்.என்.ஏவில் டி-க்குப் பதில் யு வரும் என்பதால், ஏயுஜிதான் அங்கே தொடக்கக் குறி. அது கிடைத்ததும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் வேலையைத் தொடங்கிவிடும். இது 1991இல் தெரியவந்தது. தாவர மைட்டோகாண்ட்ரியாவில் இதே திருத்தத்தை 1989இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

வேதியியல்படி மாற்றம் சின்னதுதான்: சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்தால் யுராசில். ஆனால் இத்தனை சி-க்களில் எதை மாற்றுவது? அதைக் கண்டுபிடிப்பவை பிபிஆர் புரதங்கள். சுமார் 35 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு இவற்றில் திரும்பத் திரும்ப வரும். பொதுவாக ஒரு துண்டு ஆர்.என்.ஏவின் ஓர் எழுத்தை அடையாளம் காணும். துண்டுகளின் வரிசையே முகவரி. அராபிடாப்சிஸ் செடியில் இப்படிச் சுமார் 450 புரதங்கள். மனிதனிலோ பத்துக்கும் குறைவு.

என்னை மிகவும் வியக்க வைப்பது, இவற்றுக்கான மரபணுக்கள் உட்கருவில் இருப்பதுதான். பசுங்கணிகத்தின் ஆர்.என்.ஏவைத் திருத்த ஆள் வெளியிலிருந்து வர வேண்டும். எல்லா பிபிஆர் புரதமும் எழுத்தைத் திருத்துவதில்லை. கலப்பின நெல்லில் மகரந்த வளத்தை மீட்கும் சில மரபணுக்களும் இக்குடும்பம்தான். மலட்டுத்தன்மை தரும் மைட்டோகாண்ட்ரியா ஆர்.என்.ஏவை அவை முடக்குகின்றன.