ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கும் 100 சிசி வண்டி

வணக்கம் சகோதரரே. வெள்ளவத்தையில் கிளம்பும் மோட்டார் சைக்கிள் மருதானைக்குப் போவதற்குள் நின்று, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடுகிறது என்கிறீர்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய்க் கொயில் (பிளக்கில் தீப்பொறி உண்டாக்க மின்சாரம் தரும் பாகம்) வாங்க அவசரப்படாதீர்கள், வீண் செலவு.

அடுத்த முறை நின்றவுடன் பெற்றோல் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டு, சிறிது நேரத்தில் வண்டியும் கிளம்பினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. காற்று நுழையாவிட்டால் டாங்கியில் வெற்றிடம் உண்டாகி, பெற்றோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டருக்குப் பெற்றோல் இறங்காது. துளையைத் துப்புரவாக்குங்கள், போதும்.

அப்படியும் கிளம்பாவிட்டால் மூடியை இறுக்கிவிட்டு, சூடு ஆறுமுன்னரே பிளக்கைக் கழற்றித் தீப்பொறி பாருங்கள். ஆறிய பின் கொயிலின் குறை மறைந்துவிடும். பிளக்கை அதன் வயரில் மாட்டி, துவாரத்திலிருந்து தள்ளி, என்ஜின் உலோகத்தில் படும்படி வைத்துக் கிக்கரை உதையுங்கள். பொறி இல்லையென்றால் மட்டும் கொயிலையும், பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியையும் சந்தேகியுங்கள்.