மூன்று பேர், ஒரு வீடு, ஒரே கவுன்சில் டாக்ஸ் பில்

கேள்வி: கிழக்கு லண்டனில் இரண்டு நண்பர்களோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் மூவருடைய பெயரும் உண்டு. ஒருவர் முதுகலை படிக்கும் முழுநேர மாணவர். மற்றவர் வேலை விசாவில் வந்து பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்கிறார். எனக்கு நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது. கடையில் வேலை மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்கள். இப்போது யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவிப் பணம்) வருகிறது. வருடத்துக்கு 1,800 பவுண்டு என்று கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி) பில் வந்திருக்கிறது. ஆளுக்கு 600 போட்டால் சரிதானா? எனக்குச் சலுகை கிடைக்குமா, அல்லது நண்பரின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்பார்களா?

பதில்: யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்குப் பணம் உண்டு, கவுன்சில் டாக்ஸுக்கு இல்லை. இது தெரியாமலே பலர் மாதக்கணக்கில் சலுகையை விட்டுவிடுகிறார்கள். கவுன்சில் டாக்ஸ் சலுகைக்கு (Council Tax Reduction) உங்கள் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்றே செய்யுங்கள். பிந்திப் போட்டால் பழைய மாதங்களுக்கும் கொடுப்பார்களா என்பது ஒவ்வொரு கவுன்சிலின் விதியைப் பொறுத்தது.

அடுத்து, மூன்றாகப் பிரிப்பது தவறு. முழுநேர மாணவர் மாணவரல்லாதவரோடு சேர்ந்து குடியிருந்தால், கவுன்சிலுக்கு அவர் கடன்பட்டவர் அல்ல. பில்லில் அவர் பெயர் இருந்தால், பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றிதழை அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது நீங்களும் பராமரிப்பு வேலைக்காரரும். கணக்கில் எடுக்கும் பெரியவர்கள் இரண்டு பேர் இருப்பதால், தனியாள் வீட்டுக்குத் தரும் 25 சதவீதக் கழிவு உங்களுக்கு வராது. ஆக 1,800 அப்படியே நிற்கும்; உங்கள் பங்கு 900. ‘600 கொடுத்தால் போதும் என்று பார்த்தேனே’ என்று வயிறு எரியும், தெரியும். மாணவர் மனமிருந்து பங்கு தந்தால் அது உங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம்.

இந்த 900தான் சலுகைக்கும் அடிப்படை. கணவன் மனைவியாக இல்லாமல் சேர்ந்து பில்லுக்குப் பொறுப்பானவர்கள் என்றால், பொதுவாகத் தொகையைத் தலைக்குச் சமமாகப் பிரித்து, விண்ணப்பித்தவரின் பங்குக்கு மட்டும் சலுகை தருவார்கள். வருமானத்திலும் உங்களுடையதைத்தான் பார்ப்பார்கள். நண்பரின் சம்பளம் அங்கே வராது.

ஆனால் விண்ணப்பத்தில் அவரை எந்தக் கட்டத்தில் எழுதுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். அவர் உங்களைப் போலவே வாடகைக்காரர் என்று தெளிவாக எழுதி, ஒப்பந்தப் பிரதியையும் இணையுங்கள். ஒப்பந்தத்தில் பெயரில்லாமல், வாடகையும் தராமல் கூட இருக்கும் தம்பி, வளர்ந்த மகன் போன்றவர்களை ‘நான்-டிபெண்டன்ட்’ என்பார்கள். அப்படி ஒருவர் இருந்தால் அவருக்காகச் சலுகையில் ஒரு தொகையைக் கழிப்பது உண்டு. உங்கள் நண்பர் தவறுதலாக அந்தக் கட்டத்துக்குள் போய்விட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

எவ்வளவு கிடைக்கும்? 2013 ஏப்ரல் வரை நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் இருந்தது. அதற்குப் பிறகு இங்கிலாந்தில் உழைக்கும் வயதினருக்கான விதியை ஒவ்வொரு கவுன்சிலும் தானே எழுதிக்கொள்கிறது. ஓய்வூதிய வயதினருக்கு மட்டும் தேசிய விதி. ஹாரோவில் இருக்கும் மச்சானுக்கு முழுதாகத் தள்ளுபடி ஆனது என்பதெல்லாம் உங்களுக்கு உதவாது. எவ்வளவு ஏழையானாலும் ஒரு பகுதியைக் கட்டியே ஆக வேண்டும் என்று பல கவுன்சில்கள் வைத்திருக்கின்றன. சேமிப்பு வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். உதாரணத்துக்கு, உங்கள் கவுன்சிலில் அதிகபட்சம் 75 சதவீதம், அது முழுதாக உங்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 900இல் 675 போய், நீங்கள் கட்டுவது 225. வீட்டுக்கு வரும் பில் 1,125.

இந்த 1,125ஐ ‘ஆளுக்குப் பாதி’ என்று பிரித்துவிடாதீர்கள். வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அரசு நிதியுதவி கூடாது என்ற நிபந்தனை இருக்கும். இந்தச் சலுகையும் அந்தப் பட்டியலில் சேரும் (தனியாளுக்கான 25 சதவீதக் கழிவு சேராது). உங்களுக்காகத் தந்த சலுகையில் அவர் பங்கு எடுத்ததாகத் தெரிவது அவருடைய விசாவுக்கு நல்லதல்ல. விண்ணப்பம் உங்கள் பெயரில் மட்டும் போகட்டும். அவர் தன் 900ஐ முழுதாகக் கட்டட்டும்.

அப்புறம், எனக்கு இதில் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. பங்கு பிரிப்பது சலுகைக் கணக்குக்கு மட்டும்தான். வசூல் என்று வரும்போது முழுப் பில்லுக்கும் இருவருமே பொறுப்பு. நண்பர் கட்டாமல் விட்டால், நீங்கள் 225ஐ ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் மீதிக்கு உங்களிடம் வரலாம். அவர் கட்டும் ரசீதை மாதாமாதம் வாங்கிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்துத் தவணையைப் பன்னிரண்டாக்கித் தரச் சொல்லி இருவரும் கேட்கலாம்.

வீட்டில் ஆள் மாறினால் கணக்கே மாறும். மாணவர் படிப்பை முடித்துவிட்டு அங்கேயே இருந்தால், பொறுப்பாளிகள் மூவர். உங்கள் பங்கு 600, சலுகையும் அந்த 600க்குத்தான். பராமரிப்பு வேலைக்காரர் போய், நீங்களும் மாணவரும் மட்டும் மிஞ்சினால் 25 சதவீதம் கழிந்து பில் 1,350 ஆகும். அது முழுக்க உங்கள் தலையில், ஆனால் சலுகையும் முழு 1,350க்கே கணக்கிடப்படும். எதுவானாலும் உடனே கவுன்சிலுக்குச் சொல்லுங்கள்.

உங்களைப் போல இல்லாமல், வீட்டுக்காரரிடம் அறையை மட்டும் தனித்தனியாக வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே பொதுவாக வீட்டுக்காரர்தான் கவுன்சில் டாக்ஸ் கட்ட வேண்டும். வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் ஓர் அறையில் தங்குபவருக்கும் அப்படியே. பில் உங்கள் பெயரில் இல்லையென்றால் சலுகையும் இல்லை.

மறுத்துவிட்டால், அல்லது தொகை தவறென்று தோன்றினால், முதலில் கவுன்சிலுக்கே எழுத வேண்டும். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ வேல்யூவேஷன் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. பதில் கிடைத்த நாளிலிருந்து அதற்கும் இரண்டு மாதக் கெடுதான். சலுகைக்குப் பிறகும் 225ஐக் கட்ட முடியாத நிலை என்றால், 1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் (Local Government Finance Act) 13ஏ பிரிவில் கூடுதலாகக் குறைக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு இருக்கிறது. அவர்களாகச் சொல்வது அபூர்வம். பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கை இணைத்து எழுதுங்கள்.