கணினி கேள்வி – பதில்: வீட்டு ரவுட்டரைத் தாண்டாத வி.பி.என்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். விண்டோஸ் 11 லேப்டாப்பில் அலுவலக வி.பி.என். (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான பாதை) போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 809 என்ற பிழை எண் வருகிறது. எல்2டிபி/ஐபிசெக் வகை என்கிறார்கள். மற்றபடி நெட் நன்றாக ஓடுகிறது. ரவுட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– ஈரோடு வாசகி

பதில்: பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே வி.பி.என்.னைப் போட்டுப் பாருங்கள். போனில் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில போன்கள் வீட்டு வைஃபையையே திரும்பப் பகிர்ந்து உங்களை ஏமாற்றிவிடும். ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால் லேப்டாப், பாஸ்வேர்டு, அலுவலக சர்வர் மூன்றும் சரி. கோளாறு வீட்டு ரவுட்டரிலோ நெட் நிறுவனத்தின் பாதையிலோ இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் அதே 809 வந்தால் ரவுட்டரைத் தொட வேண்டாம்.

809 என்றால் சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். ஐபிசெக் முதலில் யுடிபி (பாக்கெட் எனும் தரவுத் துண்டுகளை அனுப்பும் ஒரு முறை) 500-ஆம் போர்ட்டில், அதாவது வாசல் எண்ணில், பேசத் தொடங்கும். நடுவில் முகவரியை மாற்றும் ரவுட்டர், அதாவது நாட், இருப்பது தெரிந்ததும் 4500-க்கு மாறிக்கொள்ளும். ஐபிசெக்கின் தரவுப் பாக்கெட்டான இ.எஸ்.பி.க்குப் போர்ட் எண்ணே கிடையாது. வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தால், திரும்பி வரும் பாக்கெட் யாருக்கு என்று ரவுட்டருக்குத் தெரியாது. அதனால்தான் அதை 4500 யுடிபிக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். ரவுட்டரில் 'ஐபிசெக் பாஸ்த்ரூ' அல்லது 'ஏ.எல்.ஜி.' என்று ஓர் அமைப்பு இருக்கும். ஃபயர்வால் அல்லது நாட் பக்கத்தில் தேடுங்கள். உதவி செய்ய வைத்த இந்த அமைப்பே சில மாடல்களில் 500-ஆம் போர்ட் பாக்கெட்டுகளைக் குழப்பிவிடுகிறது. இப்போது ஆனில் இருந்தால் ஆஃப், ஆஃபில் இருந்தால் ஆன் செய்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் விதி) எதுவும் போட வேண்டாம். நீங்கள் வெளியே போகிறவர். வாசலைத் திறந்து வைக்க வேண்டியது அலுவலகம்.

ஹாட்ஸ்பாட்டிலும் 809 வந்தால், அலுவலக சர்வரே ஒரு நாட் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கலாம். விண்டோஸ் இயல்பாக அதை ஏற்காது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், பாலிசி ஏஜென்ட் வரை போய், 'அஸ்யூம் யுடிபி என்கேப்சுலேஷன் கான்டெக்ஸ்ட் ஆன் சென்ட் ரூல்' என்ற பெயரில் (ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல்) 32 பிட் டிவேர்ட் (எண் மதிப்பு) ஒன்றை உருவாக்கி மதிப்பு 2 கொடுத்து, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். அலுவலக ஐ.டி. பிரிவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: வி.பி.என். இணைந்துவிட்டது என்று பச்சை விளக்கு காட்டுகிறது. ஆனால் அலுவலகத்தில் 192.168.1.20 என்ற ஃபைல் சர்வர் திறக்கவில்லை. நண்பர் வீட்டிலிருந்து திறக்கிறது.
– திருச்சி வாசகர்

பதில்: உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.1.1 ஆக இருக்கும், பாருங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே எண் வரிசை. 192.168.1.20 என்றதும் கணினி அது பக்கத்து அறையில் இருப்பதாக நினைத்து வீட்டு வைஃபையிலேயே தேடுகிறது. பாக்கெட் வி.பி.என். பக்கம் போவதே இல்லை. வீட்டு ரவுட்டரின் லேன் (வீட்டு நெட்வொர்க்) அமைப்பில் முகவரியை 192.168.73.1 என்பதுபோல யாரும் அதிகம் வைக்காத ஒன்றாக மாற்றுங்கள். 192.168.0, 192.168.1, 10.0.0 மூன்றையும் தவிருங்கள். மாற்றியபின் ரவுட்டர் பக்கத்தைப் புது முகவரியில்தான் திறக்க முடியும். நிலையான முகவரி கொடுத்து வைத்த பிரின்டர், கேமரா டி.வி.ஆர். ஆகியவற்றுக்கும் புது எண் கொடுக்க வேண்டும்.

கேள்வி: வயர்கார்ட் வி.பி.என். இணைகிறது, பிங் (எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் கறுப்புத் திரையோடு நிற்கிறது. பெரிய கோப்பை நகல் எடுத்தால் உறைந்துவிடுகிறது. பயனர் பெயர் போட்டு இணையும் பிபிபிஓஇ வகை ஃபைபர் இணைப்பு. வி.பி.என். இல்லாமல் எல்லாம் வேகமாக ஓடுகிறது.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: சிறியது போகிறது, பெரியது நிற்கிறது என்றாலே எம்டியுவைச் சந்தேகப்படுங்கள். ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற உச்ச அளவுதான் எம்டியு. ஈத்தர்நெட்டில் அது 1500. பிபிபிஓஇ அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் உங்களுக்கு மிஞ்சுவது 1492. வயர்கார்ட் தன் உறைக்கு, வெளிப்பாதை ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) ஆனால் 60 பைட்டும், ஐபிவி6 (புதிய முறை) ஆனால் 80 பைட்டும் எடுக்கிறது. அதன் வழக்கமான எம்டியு 1420. 1500-இல் 80-ஐக் கழித்து வந்த எண். பிபிபிஓஇ மேல் ஐபிவி4 வழியே போனால் 1420 + 60 = 1480, அடங்கிவிடும். அதே இணைப்பில் சர்வரை ஐபிவி6 வழியே தொட்டால் 1420 + 80 = 1500; 1492-ஐவிட 8 பைட் அதிகமாகிவிடுகிறது. ஐபிவி6-இல் நடுவழி ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டாக்காது, தூக்கிப்போட்டுவிட்டு 'பெரிதாக இருக்கிறது' என்று தகவல் அனுப்பும். வழியில் ஏதாவது ஃபயர்வால் அந்தத் தகவலையும் தடுத்தால், அனுப்பியவர் அதே அளவையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பார். நீங்கள் பார்க்கும் கறுப்புத் திரை அதன் விளைவு.

வி.பி.என். இல்லாதபோது ஏன் பிரச்சினை இல்லை? டிசிபி (வந்து சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு அனுப்பும் முறை) இணைப்பு தொடங்கும்போது இரு பக்கமும் 'இவ்வளவு பெரிய துண்டுதான் வாங்குவேன்' என்று எம்.எஸ்.எஸ். அளவைச் சொல்லிக்கொள்கின்றன. பிபிபிஓஇ ரவுட்டர்கள் அந்த எண்ணை வழியிலேயே பிடித்து 1452 ஆகக் குறைத்துவிடும். வி.பி.என்.னுக்குள் எல்லாம் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் ரவுட்டரால் உள்ளே கை வைக்க முடியாது. ரவுட்டர் உங்களை இத்தனை நாள் சத்தமில்லாமல் காப்பாற்றி வந்தது, வி.பி.என்.னில் அந்தக் காப்பு இல்லை.

அளந்து பார்ப்பது எளிது. வி.பி.என்.னை நிறுத்திவிட்டு, விண்டோஸ் கமாண்ட் விண்டோவில் 'பிங் -எஃப் -எல் 1472 1.1.1.1' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். எஃப் என்பது துண்டாக்காதே என்ற கட்டளை. 1472-உடன் தலைப்புக்கான 28-ஐக் கூட்டினால் 1500. உங்கள் இணைப்பில் இது போகாது; 1464 போக வேண்டும் (1464 + 28 = 1492). அதுவும் போகாவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்து, போகும் பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். 1472-க்கு என்ன பதில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். 'துண்டாக்க வேண்டியிருக்கிறது' என்று ரவுட்டர் பதில் சொன்னால் நல்லது. பதிலே வராமல் நேரம் முடிந்தால், தகவலை யாரோ விழுங்குகிறார்கள்.

கிடைத்த எண்ணுடன் 28-ஐக் கூட்டி, 80-ஐக் கழியுங்கள். 1464 போனால் 1412. அதற்கும் சற்றுக் கீழே 1400 என்று வயர்கார்ட் அமைப்பின் 'இன்டர்ஃபேஸ்' பகுதியில் எம்டியு வரி ஒன்றைச் சேர்த்து, இணைப்பைத் துண்டித்து மறுபடி போடுங்கள். அளக்கப் பொறுமை இல்லாவிட்டால் முதலில் 1280 போட்டுப் பாருங்கள். ஐபிவி6 எந்தப் பாதையிலும் அனுமதிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு அது. 1280-இல் கறுப்புத் திரை விலகினால் நோய் எம்டியுதான். பிறகு மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் பக்கம் மட்டும் குறைத்தாலே பெரும்பாலும் போதும், எம்.எஸ்.எஸ். பேச்சு அந்தச் சிறிய எண்ணின்படி நடப்பதால் எதிர்ப்பக்கமும் டிசிபியில் சிறிய துண்டுகளையே அனுப்பும். ஓப்பன்வி.பி.என். வைத்திருப்பவர்கள் 'எம்.எஸ்.எஸ். ஃபிக்ஸ்' வரியில் 1300 போட்டு இதே சோதனையைச் செய்யலாம்.

கேள்வி: வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் வயர்கார்ட் சர்வர் வைத்து, ரவுட்டரில் 51820 போர்ட்டை ஃபார்வர்ட் செய்துவிட்டேன். வெளியூரிலிருந்து இணையவே இல்லை. போர்ட் சோதிக்கும் இணையதளம் 'மூடியிருக்கிறது' என்கிறது.
– கோவை வாசகர்

பதில்: அந்த இணையதளத்தை மறந்துவிடுங்கள். அத்தகைய தளங்களில் பல டிசிபியை மட்டுமே சோதிப்பவை. வயர்கார்ட் யுடிபி. தனக்குத் தெரிந்த சாவியோடு வராத எந்தப் பாக்கெட்டுக்கும் அது பதில் சொல்லாது. எனவே தவறான சாவியும் மூடிய போர்ட்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஃபார்வர்டிங் விதியில் யுடிபி என்று தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வெளி முகவரியைச் சோதிக்கவும் வேண்டாம், பல ரவுட்டர்களில் உள்ளிருந்து வெளியே போய் உள்ளே திரும்பும் பாதை இருக்காது. மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) என்ன என்று பாருங்கள். 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளத்திலும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்கு நெட் நிறுவனமே பங்கிடும் முறை இது. அதற்கென்று 2012-இல் ஒதுக்கப்பட்ட எண் வரிசை அது. இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி போட்டாலும் பயனில்லை. வெளியிலிருந்து வரும் பாக்கெட் நிறுவனத்தின் பெட்டியோடு நின்றுவிடுகிறது. வேன் ஐபி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், பெரும்பாலும் ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது. அதை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது இரண்டிலும் ஃபார்வர்ட் செய்யுங்கள்.

சிஜிநாட்டுக்கு மூன்று வழி. ஒன்று, கட்டணம் கட்டி நிலையான பொது ஐபி கேட்பது. இரண்டாவது, இணைப்பில் ஐபிவி6 இருந்தால் அதைப் பயன்படுத்துவது. அங்கே ஃபார்வர்டிங் தேவையில்லை, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் பையின் முகவரிக்கு யுடிபி 51820-ஐ அனுமதித்தால் போதும். ஆனால் நீங்கள் போகும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும். மூன்றாவதுதான் என் தேர்வு. ஒரு சிறிய விர்ச்சுவல் சர்வரை (இணையத்தில் வேறிடத்தில் ஓடும் கணினி) வாடகைக்கு எடுத்து, ராஸ்பெர்ரி பை அதோடு வெளிநோக்கி இணைந்திருக்கட்டும். நீங்களும் அங்கேயே வந்து சேருங்கள்.

பாக்கெட் வருகிறதா என்பதில் இன்னும் சந்தேகம் என்றால் பையில் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபி டம்ப்' நிரலை ஓட்டி 51820-ஐக் கவனியுங்கள். எதுவும் வராவிட்டால் ரவுட்டர் அல்லது நிறுவனம். வந்தும், வயர்கார்ட் நிலையில் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' (இரு பக்கமும் கடைசியாகச் சாவி சரிபார்த்த நேரம்) வரி தோன்றாவிட்டால் சாவி. ஹேண்ட்ஷேக் தோன்றியும் வீட்டு நெட்வொர்க் எட்டாவிட்டால், பையில் ஐபி ஃபார்வர்டிங் மதிப்பு 1 ஆகவில்லை, அல்லது 'அலவுட் ஐபிஸ்' வரியில் வீட்டு வரிசை இல்லை.

கேள்வி: விர்ச்சுவல் சர்வரோடு ராஸ்பெர்ரி பையை இணைத்திருக்கிறேன். சில நிமிடம் யாரும் பயன்படுத்தாவிட்டால், வெளியிலிருந்து வீட்டை எட்ட முடிவதில்லை.
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: ரவுட்டர் தன் நாட் பட்டியலில் யுடிபி இணைப்பை வெகுநேரம் நினைவில் வைக்காது, 30 விநாடியில் அழிக்கும் ரவுட்டர்களும் உண்டு. பையின் அமைப்பில் சர்வருக்குரிய 'பியர்' பகுதியில் 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25 என்று போடுங்கள். நாட் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர்தான் இதைப் போட வேண்டும். சர்வர் பக்கம் போட்டுப் பலனில்லை.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் இணையாமல் போனால் பையின் கடிகாரத்தைப் பாருங்கள். பல பை மாடல்களில் பேட்டரி கடிகாரம் கிடையாது. வயர்கார்ட் ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை உண்டு, முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரம் வந்தால் சர்வர் நிராகரித்துவிடும். நேரம் இணையத்திலிருந்து சரியான பிறகே வயர்கார்ட் தொடங்கும்படி அமையுங்கள்.

கேள்வி: கணவரும் நானும் ஒரே நிறுவனத்தில் வேலை. ஒருவர் வி.பி.என். போட்டால் மற்றவருடையது அறுந்துவிடுகிறது.
– மதுரை வாசகி

பதில்: இரண்டு பேருக்கும் தனித்தனி பயனர் கணக்கு இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். இருந்தும் இப்படி என்றால், எல்2டிபி/ஐபிசெக்காக இருக்க வாய்ப்பு அதிகம். வெளியே இருவரும் ஒரே பொது முகவரியில் தெரிவதால் சர்வர் இருவரையும் பிரித்தறியாமல் முந்தையவரை விட்டுவிடுகிறது. வீட்டில் செய்யக்கூடியது, ஒருவர் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவதுதான். நிரந்தரத் தீர்வு அலுவலகத்தின் கையில்: ஐ.கே.இ. இரண்டாம் பதிப்பு அல்லது வயர்கார்டுக்கு மாறச் சொல்லுங்கள். இன்னும் பிபிடிபி என்ற பழைய வி.பி.என். வகையை வைத்திருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதன் பாஸ்வேர்டு பாதுகாப்பு 2012-லேயே உடைக்கப்பட்டது.