டப்பா இருக்கும் இடத்தை லாக்கில் எழுதலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்குச் சொந்த ஊர் பரமக்குடி, சென்னையில் வேலை. பொங்கல் லீவில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு மண்டபம் பக்கம் ஒரு ஜியோகேச் (யாரோ ஒளித்துவைத்து, இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் கொடுத்திருக்கும் டப்பா) தேடிப் போனேன். ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் அலைந்துதான் கிடைத்தது. அடுத்து வருபவராவது இப்படி அலையாமல் இருக்கட்டும் என்று, 'பனங்காட்டுக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கம் மூன்றாவது பனை, பட்டுப்போனது, தூரில் பொந்து இருக்கும், பவளக்கல் வைத்து மூடியிருக்கிறார்கள்' என்று லாக்கில், அதாவது இணையத்தில் அந்த டப்பாவின் பக்கத்தில் தேடியவர்கள் எழுதும் குறிப்பில், எழுதினேன். இரண்டே நாளில் டப்பாவை வைத்தவர் என் லாக்கை அழித்துவிட்டார். நான் கண்டுபிடித்த டப்பாக்களின் கணக்கில் ஒன்று குறைந்துவிட்டது. தேடுபவர்களுக்குத் துப்பாக, ஹின்ட் என்று அவரே ஒரு வரி கொடுத்திருக்கிறார். அவர் கொடுத்தால் ஹின்ட், நான் கொடுத்தால் குற்றமா?

பதில்: முதலில் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கடிதத்தில் இருந்த இடத்தையும் மரக்கணக்கையும் மாற்றித்தான் இங்கே போட்டிருக்கிறேன். மூன்றாவது பனையைத் தேடிக் கிளம்பிவிடாதீர்கள்.

தம்பி, அவர் அழித்தது விதிப்படி சரி. இடத்தைக் காட்டிக்கொடுக்கும் லாக்கை நீக்க டப்பா வைத்தவருக்கு உரிமை உண்டு. ஆனால் செய்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. 'அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்களேன்' என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தால் நீங்களும் திருத்தியிருப்பீர்கள், மனத்தாங்கலும் வந்திருக்காது. டப்பாவுக்குள் இருக்கும் தாளில் உங்கள் பெயரை எழுதிவிட்டுத்தானே வந்தீர்கள்? அப்படியானால் கவலை வேண்டாம். திருத்தி எழுதி மறுபடி பதியலாம், கணக்கும் திரும்ப வந்துவிடும்.

இனி அந்த ஹின்ட் விஷயம். நம் பிள்ளைகள் மணலைக் கரைபோல நீளமாகக் குவித்து, அதற்குள் குச்சியை ஒளித்துவைத்து விளையாடும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒளித்தவன் முகத்தைப் பார்த்து நாம் ஊகிக்கலாம், அவனே நமுட்டுச் சிரிப்பு சிரித்து ஏமாற்றலாம், அதெல்லாம் ஆட்டத்தில் சேர்த்தி. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவன் 'அந்தா, அந்த முனையில' என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருமே அவனை அடிக்க வருவார்கள். நீங்கள் அந்த வேடிக்கை பார்த்தவர் இடத்தில் நின்றுவிட்டீர்கள்.

இதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. இணையத்தில் டப்பாவுக்கென்று இருக்கும் கேச் பக்கத்தில் ஹின்ட் மூடித்தான் இருக்கும். வேண்டும் என்பவர் தொட்டுத் திறந்து பார்க்கலாம், வேண்டாதவர் அந்தப் பக்கமே போகாமல் தேடலாம். லாக் அப்படி இல்லை. டப்பா இன்னும் அங்கே இருக்கிறதா, கடைசியாக யார் எப்போது எடுத்தார்கள் என்று பார்க்க எல்லோரும் முதலில் திறப்பதே கடைசி நாலைந்து லாக்குகளைத்தான். உங்கள் வரியைப் படிக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வதற்குள் கண் படித்து முடித்துவிடும். அப்புறம் அந்த ஆள் மண்டபம் வரை வந்து என்ன செய்வார்? நேராகப் போய்ப் பெயரை எழுதிவிட்டு வருவார், அவ்வளவுதான். நீங்கள் அந்த ஒன்றேகால் மணி நேரத்தை அலைச்சல் என்கிறீர்கள். உங்கள் அக்கா மகனிடம் கேட்டுப் பாருங்கள், அவன் என்ன சொல்கிறான் என்று.

இங்கே ஒரு தமிழ்ச் சிக்கலும் உண்டு. கேச் பக்கத்தில் ஹின்ட்டை மறைக்கும் முறை பழைய, எளிய தந்திரம். 26 ஆங்கில எழுத்துகளையும் 13 இடம் தள்ளிப் போடுவார்கள். ஏ (A) இருந்தால் என் (N), பி (B) இருந்தால் ஓ (O). தமிழ் எழுத்துக்கு இந்த மாற்று கிடையாது. 'பனை' என்று தமிழில் அடித்தால் மறைக்கும் இடத்திலும் பனை பனையாகவே நிற்கும். ஆகவே தமிழில் ஹின்ட் எழுத ஆசைப்படுபவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால்தான் அது மறையும். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேறு வழியில்லை. டப்பா வைப்பவர்களில் நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை.

சரி, நேரடியாக இடத்தைச் சொல்லாவிட்டால் போதுமா? அதுவும் போதாது. நல்ல எண்ணத்தோடு எழுதுகிறவர்கள் தெரியாமல் உளறிவிடும் வரிகள்தான் அதிகம். 'நல்லவேளை, ட்வீசர் கொண்டுபோனேன்' என்றால் டப்பா விரல்நுனி அளவுதான் என்று தெரிந்துவிடும். 'குனிந்து குனிந்து இடுப்பே போச்சு' என்றால் இனி யாரும் தலைக்கு மேலே பார்க்கமாட்டார்கள். 'காந்தத்தை வைத்து என்னமாய் ஏமாற்றிவிட்டார்' என்றால் அங்கே இருக்கும் இரும்புச் சாமான் ஒன்றே ஒன்றுதான், முடிந்தது கதை. கிடைக்கவில்லை என்று எழுதும் டிஎன்எஃப் லாக்கிலும் இது உண்டு. 'பனை அத்தனையையும் பார்த்துவிட்டேன், படகுப் பக்கமும் பார்த்தேன், இல்லை' என்று நாலு பேர் எழுதினால், மிச்சம் இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும். இதற்காக டிஎன்எஃப் போடாமல் விட்டுவிடாதீர்கள். கிடைக்காததை எழுத வெட்கப்பட்டு விட்டுவிடுகிறவர்களால்தான் காணாமல் போன டப்பாவை மாதக்கணக்கில் ஆட்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பதை எழுதினால் போதும்.

படங்களும் அப்படியே. திறந்த டப்பாவைக் கையில் பிடித்து எடுக்கும் படத்தில் பின்னால் தெரியும் மரம், சுவர், கலங்கரை விளக்கம் எல்லாம் பேசும். கடலைப் பார்த்தபடி எடுத்துக்கொள்ளுங்கள். கடல் எதையும் காட்டிக்கொடுக்காது.

டப்பாவுக்கு டப்பா இந்தக் கண்டிப்பு மாறும் என்பதையும் சொல்லவேண்டும். கடினம் 1 முதல் 5 வரை மதிப்பிடப்பட்டிருக்கும். குழந்தைகளுக்காக வைத்த ஒன்று, ஒன்றரை மதிப்புள்ள டப்பாவில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் பெரிய நட்டமில்லை. நான்கு, ஐந்து என்றால் ஒளித்த விதமே புதிர். அங்கே 'அட, இப்படியும் வைக்கலாமா!' என்று வியப்பதுகூடக் கொஞ்சம் அதிகம். புதிரை விடுவித்து இடத்தின் எண்களைக் கண்டுபிடிக்கவேண்டிய டப்பாக்களில் விடையை மட்டுமல்ல, எந்த வழியில் யோசித்தீர்கள் என்பதையும் எழுதக்கூடாது. டப்பாவே இல்லாத எர்த்கேச் வகையில் அந்த மண்ணையும் கல்லையும் பற்றிய கேள்விகளுக்கு விடையை வைத்தவருக்குத் தனியாக அனுப்பவேண்டும், லாக்கில் போடக்கூடாது. என்னைக் கேட்டால் தனுஷ்கோடி போன்ற இடத்துக்கு அந்த வகைதான் பொருத்தம். இந்தப் பக்கம் அலையடிக்கும் ஆண் கடல், அந்தப் பக்கம் அமைதியான பெண் கடல், நடுவில் ஓயாமல் இடம் மாறும் மணல். அங்கே டப்பாவை வைத்து என்ன செய்ய?

இவ்வளவு சொன்னாலும் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் கரையில் வைக்கும் டப்பாக்களுக்கு ஹின்ட் கொஞ்சம் தாராளமாகவே இருக்கவேண்டும் என்பது என் கட்சி. காரணம் கணக்குத்தான். இடத்தைக் குறிக்கும் எண்களில் நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இடம் கொடுப்பார்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக சுமார் 1.85 மீட்டர். ஆனால் போன் காட்டும் இடம் திறந்த வானத்திலேயே ஐந்து மீட்டர் வரை தள்ளியிருக்கும். வைத்தவர் போனில் ஐந்து, உங்கள் போனில் ஐந்து என்றால் பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைத் துழாவவேண்டும். பூங்காவில் அந்த வட்டத்துக்குள் ஒரு பெஞ்சும் இரண்டு மரமும் இருக்கும். பனங்காட்டில் ஒன்றுபோல இருபது பனை இருக்கும்.

இன்னொன்று, நம் கரையில் யாரும் சும்மா குனிந்து எதையோ தேடிக்கொண்டிருக்க முடியாது. இலங்கை எதிரே இருக்கிறது. கடல் அட்டைக் கடத்தல் நடக்கிற இடம். கடலோரக் காவல் குழுமமும் கடற்படையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்கும்போது, வெளியூர் ஆள் ஒருவர் பொந்துக்குள் கையை விட்டு டப்பா எடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். தேடும் நேரம் குறையக் குறைய நல்லது. கேட்டால் மறைக்காமல் போனைக் காட்டி உண்மையைச் சொல்லிவிடுங்கள். பாம்பன் பாலத்தின் பக்கத்தில், ரயில் பாதையோரம், கோயில், தர்கா வாசலில் டப்பா வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள்.

ஹின்ட் எழுதும்போது நிலைத்து நிற்கும் பொருளைப் பார்த்து எழுதவேண்டும் என்பதும் இங்கே முக்கியம். 'பெரிய கருவை மரத்தடி' என்று எழுதுவார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது நம் மாவட்டத்தில் தொழில். இந்த மாதம் இருக்கும் மரம் அடுத்த மாதம் மூட்டையில் ஏறியிருக்கும். 'மணல் மேட்டின் உச்சியில்' என்பதும் ஒரு காற்றுக்காலம் வரைதான். கரையில் ஏற்றிவைத்த வல்லம் என்ற மீன்பிடிப் படகை அடையாளம் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வல்லம் மறுநாள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டது.

ஆக, ஹின்ட் போதவில்லை என்றால் அதை லாக்கில் நீங்கள் ஈடுகட்டவேண்டாம். 'ஹின்ட்டை இன்னும் கொஞ்சம் தெளிவாக்குங்கள்' என்று வைத்தவருக்குத் தனியாக எழுதுங்கள். கடைசி ஐந்தாறு அடியைப் பற்றி லாக்கில் வாய் திறக்காதீர்கள். அதற்கு முந்தைய வழியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆபத்தையும் சட்டத்தையும் எழுதுவது ஒருபோதும் ஸ்பாய்லர், அதாவது ரகசியத்தைப் போட்டு உடைப்பது, ஆகாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. எண்கள் உங்களை அங்கே இழுத்தால் போகாமல் திரும்பி, அதையே லாக்கில் எழுதுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் மாலைக்கு மேல் வண்டி விடமாட்டார்கள் என்பதை எழுதுங்கள். கண்ணாடிச் சில்லு, பாம்புப் புற்று, வழியில் வந்திருக்கும் புது வேலி என எல்லாவற்றையும் எழுதுங்கள்.

உங்கள் லாக்கை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'காலை ஏழரைக்கே அக்கா மகனோடு போய்விட்டேன். ரோட்டை விட்டு இறங்கியதும் மணல் காலை வாங்கும், செருப்பு உதவாது. தண்ணீர் கட்டாயம் வேண்டும், பக்கத்தில் கடை கிடையாது. பாசி எடுக்கப் போன அக்காமார் என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு கத்தியது என் மருமகன், நான் இல்லை. டப்பா நனையாமல் இருக்கிறது, தாளில் இன்னும் பாதி இடம் இருக்கிறது. நன்றி.'

இதில் மரமும் இல்லை, பொந்தும் இல்லை. ஆனாலும் அடுத்து வருபவருக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மரமோ பொந்தோ இல்லை, அந்தப் பவளக்கல். பவளப்பாறை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருப்பவை. கரையில் செத்து ஒதுங்கியதுதானே என்று துண்டை எடுத்து வைத்துக்கொள்வதும் வம்புதான். டப்பா வைத்தவர் வெளியூர்க்காரராக இருந்தால், அழகான வெள்ளைக் கல் என்று நினைத்து வைத்திருக்கலாம். இதை லாக்கில் எழுதினால் இடமும் வெளியாகும், அவர் பெயரும் கெடும். தனிச் செய்தியாக, சண்டை போடும் தொனி இல்லாமல், 'அண்ணே, அந்தக் கல்லை மட்டும் மாற்றிவிடுங்கள், வனத்துறை கண்ணில் பட்டால் உங்களுக்கும் தேடுபவர்களுக்கும் தொல்லை' என்று சொல்லுங்கள். உடைந்த ஓட்டுத்துண்டு போதும் அந்தப் பொந்தை மூட. அந்தச் செய்தியை முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் லாக்கைப் போடுங்கள்.