இளநிலை மாணவரும் ஆராய்ச்சியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவர்கள் ஆறு பேருக்கு நான் வழிகாட்டி. நான்கு மாதந்தான் இருக்கிறது. பெரிய கருவி எதுவும் இல்லை. என்ன தலைப்புக் கொடுக்கலாம்?

பதில்: தலைப்பை விடுங்கள், ஒரு கேள்வியைக் கொடுங்கள். ‘நிலத்தடி நீர் மாசு’ என்றால் மாணவர் இணையத்தில் தேடி நாற்பது பக்கம் நிரப்பிவிடுவார். ‘விடுதிக் கிணற்று நீரின் கடினத்தன்மை மழைக்குப் பிறகு குறைகிறதா?’ என்று கேட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குத்தான் போயாக வேண்டும். அதற்குத் துளித்துளியாக அளந்து விடும் பியூரெட் குழாயும், கடினத்தன்மையை அளக்க உதவும் இ.டி.டி.ஏ. கரைசலும், நிறங்காட்டியும், தாங்கல் கரைசலும் போதும். சிவப்பு நீலமாகும் அந்தத் துளியை ஆறு பேரும் ஆறு இடத்தில் நிறுத்துவார்கள். அளவீட்டுப் பிழை என்பது பாடப்புத்தகத்தைவிட அங்கேதான் புரியும்.

என் மாணவி ஒருவர், மற்ற இரண்டோடு பொருந்தாத ஓர் அளவைக் கறுப்பு மையால் பூசி மறைத்திருந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் படித்தோம். அன்று நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், குடுவையைக் குழாய்த் தண்ணீரில் அலசியதை நினைவுகூர்ந்தார். ஒற்றைக் கோடுதான் போட வேண்டும், அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆராய்ச்சி என்றாலே ‘எம்.எஸ்சி. முடித்துவிட்டு வா’ என்கிறார்கள்.

பதில்: 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னை வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் (பின்னாளில் புகழ்பெற்ற வானியற்பியலாளர்) அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். சந்திரசேகர் கற்றிருந்த குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொன்னார். சொன்னதோடு நில்லாமல், வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தனுப்பினார். மறு ஆண்டே சந்திரசேகரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அப்போது அவர் பட்டம் பெறவில்லை. நீங்களும் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் பார்க்கப்போகும் பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத இடத்தில் கோடிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அளவுகள் மாணவி எடுத்தவை, கட்டுரை எழுதியது நான். அவர் பெயரைச் சேர்க்க வேண்டுமா?

பதில்: சேர்க்க வேண்டும். வரைவைக் கொடுத்துத் திருத்தச் சொல்லி, ஒப்புதலும் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஆய்வுக்கூடமே இல்லை. வேறு வழி?

பதில்: இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை செய்யலாம். கோடைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதமும் வேண்டும். ஆசிரியர்களே, அதைக் கேட்டு வரும் பிள்ளையை நாலு நாள் அலைய விடாதீர்கள்.