சம்பளம் கொஞ்சம்தான், 50-இல் வேலையை விடலாமா?

கேள்வி: வயது 45. சம்பளத்தில் பாதியைச் சேமிக்கிறேன். எவ்வளவு சேர்ந்தால் வேலையை விடலாம்?

பதில்: சம்பளத்தை விடுங்கள், கடந்த 12 மாதச் செலவைக் கூட்டுங்கள். காப்பீட்டுத் தவணை, வண்டி ரிப்பேர், பல் வைத்தியம் உட்பட. பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

வருடச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ந்தால் போதும் என்ற கணக்கு, 1994-இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 30 வருட ஓய்வுக்குப் போட்ட 4% கணக்கிலிருந்து (முதல் வருடம் சேமிப்பில் 4% எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொள்வது) வந்தது. அதுவும் அமெரிக்கச் சந்தையை வைத்து. உங்களுக்கு 40 வருடமாவது ஓட வேண்டும். முதல் வருடம் 3% மட்டும் எடுப்பதாக வையுங்கள்: 33 மடங்கு. விலைவாசி 6% ஏறினால் செலவு 12 வருடத்தில் இரட்டிப்பாகும் என்பதால், முழுவதையும் வைப்புநிதியில் முடக்கக் கூடாது; ஒரு பகுதி பங்குச்சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் இருக்கட்டும்.

பெரிய ஆபத்து, ஆரம்ப வருடங்களில் சந்தை சரிவது. அடிமாட்டு விலைக்கு ஃபண்டு யூனிட்டுகளை விற்றுச் சாப்பிட்டால், சந்தை ஏறும்போது கையில் யூனிட் மிஞ்சாது. இரண்டு வருடச் செலவை வைப்பில் தனியே வையுங்கள்.