சீனாவின் பிங்யாவ் கவுண்டி பணப் பரிமாற்ற மையமாக உயர்ந்ததும், அதன் பழைய நகரம் அழியாமல் நின்றதும் எப்படி?

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. கடற்கரையோ பெரிய ஆற்றுத் துறைமுகமோ இல்லாத ஓர் உள்நாட்டுக் கவுண்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனா முழுவதற்குமான பணப் பரிமாற்ற மையமாக ஆனது எப்படி என்பது ஒன்று. சீனாவின் பெரும்பாலான ஊர்கள் தம் கோட்டைச் சுவர்களை இடித்துத் தள்ளிவிட்ட பின்னும், இந்த ஊரின் சுவர் முழுச் சுற்றாக நிற்பது ஏன் என்பது மற்றொன்று. பயணக் கட்டுரைகள் முதலாவதற்கு வணிகர்களின் சாமர்த்தியத்தையும், இரண்டாவதற்கு முன்னோரின் கட்டடக் கலையையும் விடையாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. என் கருத்தில் முதல் கேள்விக்கு விடை அந்த மண்ணின் போதாமை. இரண்டாவதற்கு விடை அந்த வணிகம் கண்ட வீழ்ச்சி. வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அங்கே போய்வந்ததிலும் பிறகு தேடிப் படித்ததிலும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

பிங்யாவ் ஷான்சி மாகாணத்தின் நடுப்பகுதியில், மாகாணத் தலைநகரான தையுவானுக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சீன நிர்வாகத்தில் மாகாணத்துக்கும் அதன் கீழுள்ள பெருநகர நிர்வாகத்துக்கும் அடுத்த படியில் வருவது கவுண்டி; பிங்யாவ் ஜின்சோங் நகர நிர்வாகத்தைச் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,260 சதுர கிலோமீட்டர். தென்கிழக்கில் தையுவே மலைத்தொடர் உயர்ந்து நிற்க, நிலம் அங்கிருந்து படிப்படியாகத் தாழ்ந்து, வடமேற்கில் ஃபென் ஆற்றின் சமவெளியைச் சேர்கிறது. ஃபென் ஆறு தெற்கே சென்று மஞ்சள் ஆற்றில் கலக்கிறது. காற்று கொண்டுவந்து சேர்த்த மஞ்சள் வண்டல் எங்கும் படிந்திருக்கிறது. அந்த மண் வளமானதுதான், ஆனால் தண்ணீர் போதாது. ஆண்டு மழை சராசரியாக 450 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி கோடையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கோதுமை, சோளம், தினை விளைந்தாலும், பெருகிவந்த மக்கள்தொகையை அந்த விளைச்சல் தாங்கவில்லை. வீட்டில் ஓர் ஆண்பிள்ளையாவது வணிகம் பார்க்க வெளியூர் போவது ஷான்சியின் வழக்கமாகவே ஆனது.

ஊர் மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டிலோ எட்டாம் நூற்றாண்டிலோ ஆண்ட சோவ் வமிச மன்னர் சுவானின் தளபதி இங்கே முதற்கோட்டையை எழுப்பியதாக மரபுச் செய்தி கூறும். இன்று நாம் பார்க்கும் சுவருக்கு உறுதியான ஆண்டு உண்டு: மிங் வமிசம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1370 இல், அது விரிவாக்கிக் கட்டப்பட்டது. சுற்றளவு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று பக்கங்கள் நேர்கோடாக ஓட, தெற்குச் சுவர் மட்டும் பழைய ஆற்றுப்படுகையை ஒட்டி வளைந்து வளைந்து செல்கிறது. தெற்கு வாயிலைத் தலையாகவும் வடக்கு வாயிலை வாலாகவும், கிழக்கிலும் மேற்கிலும் உள்ள நான்கு வாயில்களைக் கால்களாகவும் கொண்டு இதனை ஆமை நகரம் என்பார்கள். சுவரில் 72 காவல் மாடங்களும், மறைந்து நின்று எய்வதற்கான 3,000 ஞாயில்களும் உள்ளன. கன்ஃபூசியஸின் தலைமாணாக்கர் 72 பேரையும் மாணாக்கர் 3,000 பேரையும் அவை குறிக்கின்றன என்று வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள்.

அதே 1370 ஆம் ஆண்டில் நடந்த இன்னொன்றுதான் இந்த வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றியது என்பேன். மங்கோலியர்களுக்கு எதிராக வடக்கு எல்லையில் நிறுத்தப்பட்ட படைகளுக்குத் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வணிகர்களுக்கு, அரசின் தனியுரிமையாக இருந்த உப்பை விற்கும் உரிமச் சீட்டு வழங்கும் முறையை மிங் அரசு கொண்டுவந்தது. ஷான்சியின் வடகோடியில் தாத்தோங் என்ற எல்லைப் படைத்தளம் இருந்தது. தென்கோடியில் யுன்செங் உப்பு ஏரி இருந்தது. இரண்டுக்கும் நடுவே செல்லும் பாதை ஃபென் பள்ளத்தாக்கு. விளைச்சல் குறைந்த நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு வீட்டு வாசலிலேயே அமைந்தது. உப்பில் சேர்த்த முதலைக் கொண்டு துணி, பட்டு, தேயிலை என்று பரவினார்கள். 1727 இல் ரஷ்யாவுடன் உடன்படிக்கை ஏற்பட்டு கியாக்தா எல்லைச் சந்தை தோன்றியபின், ஃபுஜியான் மலைத் தேயிலையை மங்கோலியா வழியாக அங்கே கொண்டுசேர்த்தவர்களும் ஷான்சி வணிகர்களே.

இவ்வளவு பரந்த வணிகத்தில் பெரிய இடைஞ்சலாக இருந்தது வெள்ளி. கணக்குத் தீர்க்க வெள்ளிக் கட்டிகளை வண்டியில் ஏற்றி, ஆயுதக் காவலர்களுடன் வாரக்கணக்கில் அனுப்ப வேண்டும். லியாங் என்பது வெள்ளியை நிறுக்கும் சீன எடை அளவு; பத்தாயிரம் லியாங் வெள்ளி என்றால் ஏறத்தாழ 370 கிலோ எடை. வழியெல்லாம் கொள்ளையர் பயம். பிங்யாவின் மேற்குத் தெருவில் லீ குடும்பத்துக்குச் சொந்தமான சாயக்கடை ஒன்று இருந்தது. பீஜிங்கிலும் அதற்குக் கிளை இருந்தது. மேலாளர் லெய் லூதாய். தெரிந்த வணிகர்கள் பீஜிங் கிளையில் பணத்தைக் கட்டிவிட்டு, ஊரில் தலைமைக் கடையில் பெற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். சாயம் விற்பதைவிட இதில் கிடைக்கும் கமிஷன் மேல் என்று கண்ட லெய், முதலாளியின் சம்மதத்துடன் 1823 இல் சாயக்கடையையே ரிஷெங்சாங் என்ற பணமாற்று நிறுவனமாக மாற்றினார். சீனாவில் வரைவோலைத் தொழிலை மட்டுமே நடத்திய முதல் நிறுவனம் இது என்று கொள்ளப்படுகிறது. பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. லெய்யுடன் மோதிக்கொண்டு வெளியேறிய துணை மேலாளர் போட்டி நிறுவனம் ஒன்றை வளர்த்தெடுக்க, அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்க, இந்த ஒரு சிற்றூரில் மட்டும் இத்தகைய தலைமையகங்கள் இருபதைத் தாண்டின.

அந்தச் சாயக்கடைக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. என்னை அங்கே அதிக நேரம் நிறுத்திவைத்தது அவர்களுடைய இரகசியக் குறியீட்டு முறை. வரைவோலையில் தேதியையும் தொகையையும் வெளிப்படையாக எழுதமாட்டார்கள். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு எழுத்துகள்; அவற்றை வரிசையாகப் படித்தால், போலிச் சீட்டுக்கு ஏமாறாதே, எழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே என்ற பொருள் வரும். முப்பது நாட்களுக்கு, அறத்தை வலியுறுத்தும் முப்பது எழுத்துச் செய்யுள். ஒன்று முதல் பத்து வரையான எண்களுக்கு, அறிமுகமில்லாத வாடிக்கையாளரைக் கூர்ந்து கவனி, ஆராய்ந்தபின் செயல்படு என்னும் பத்தெழுத்துத் தொடர். பத்தாயிரம், ஆயிரம், நூறு, லியாங் ஆகிய நான்கு அலகுகளுக்குத் தனியாக நான்கு எழுத்துகள். ஐயாயிரம் லியாங் என்று குறிக்க வேண்டுமானால், எண் தொடரின் ஐந்தாம் எழுத்தையும் அலகுத் தொடரின் இரண்டாம் எழுத்தையும் அடுத்தடுத்து எழுதினால் போதும். இந்தத் தொடர்களை அவ்வப்போது மாற்றியும் வந்தார்கள். இவை போதாதென்று, தாளில் நீர்க்குறி வேறு; ஓலையை எழுதும் ஊழியரின் கையெழுத்துப் பாங்கும் எல்லாக் கிளைகளுக்கும் தெரிந்திருக்கும். தந்தி மூலம் பணம் அனுப்பிய காலத்தில் எங்கள் கிளையில் மேலாளர் பூட்டிவைத்திருந்த குறியீட்டுப் புத்தகமும் இதே காரணத்துக்காக இருந்ததுதான். ஆனால் அதை மனப்பாடம் செய்யும்படி செய்யுளாக்கும் யோசனை எங்கள் தலைமையகத்தில் யாருக்கும் வரவில்லை.

ஊழியர் முறையும் கவனிக்கத்தக்கது. முதலாளி போடும் வெள்ளிப் பங்குடன், அனுபவமுள்ள ஊழியர்களுக்கு உழைப்புப் பங்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கு முடிக்கும்போது இலாபத்தை இரு தரப்புக்கும் பிரிப்பார்கள். நட்டம் வந்தால் அது முழுக்க முதலாளியின் தலையில். உழைப்புப் பங்கைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஊழியர்களை நேர்மையாக வைத்திருந்த அதே ஏற்பாடுதான் கடைசியில் முதலாளிகளின் வீடுவாசலையும் விழுங்கியது.

அப்போதைய சிங் பேரரசுக்கு எதிராக மூண்ட தைப்பிங் கிளர்ச்சியால் சாலைகள் அடைபட்டபோது, மாகாணங்கள் தலைநகருக்கு அனுப்பவேண்டிய வரிப்பணத்தையே 1860 களில் இந்நிறுவனங்கள் வழியாக அனுப்பின. அரசுப் பணம் கைக்கு வந்ததும் தொழில் உச்சத்தைத் தொட்டது, அரசை நம்பியிருக்கும் நிலையும் கூடவே வந்தது. 1905 இல் அரசே நிதியமைச்சின் பெயரில் ஒரு வங்கியைத் தொடங்கியது. எல்லாரும் சேர்ந்து நவீன வங்கி ஒன்றை அமைக்கலாம் என்று 1908 இல் பீஜிங் மேலாளர் ஒருவர் வற்புறுத்தியும், பிங்யாவில் இருந்த தலைமைகள் இணங்கவில்லை. 1911 புரட்சியில் கிளைகள் சூறையாடப்பட்டன; ஈடு இல்லாமல் கடன் வாங்கிய அதிகாரிகள் மறைந்துபோனார்கள்; வைப்பு வைத்தவர்களோ வாசலில் வந்து நின்றார்கள். 1914 இல் ரிஷெங்சாங் முறிந்தது.

அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த ஊரில் எதையும் இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லை. பழைய நகரம் தப்பியதற்கு முதன்மையான காரணம் இதுதான். 1980 களின் தொடக்கத்தில் கையில் கொஞ்சம் பணம் வந்தவுடனேயே, சாலை அகலப்படுத்தும் திட்டமும் வந்து, உள்ளே சில வீடுகளை இடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். ஷாங்காயின் தோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் தலையிட்டு அதைத் தடுத்து, புதிய நகரைச் சுவருக்கு வெளியே வளர்க்கும் மாற்றுத் திட்டத்தை ஏற்கவைத்தார். 1997 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபிடமாக அறிவித்தது.

சுவரைக் காத்ததில் வறண்ட வானிலைக்கும் பங்குண்டு. வெளிமுகத்தில் செங்கல் தெரிந்தாலும் உள்ளே இருப்பது இடித்துக் கெட்டிப்படுத்திய மண்தான்; நகரத்தைப் பார்த்த உட்பக்கத்தில் அந்த மண்ணே வெளியே தெரிகிறது. 2004 இல் தெற்குச் சுவரில் ஒரு பகுதி சரிந்தது. 2021 அக்டோபரில் ஐந்தாறு நாட்களில் ஷான்சி முழுவதற்கும் சராசரியாக 119 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாகாணத்துக்கு அக்டோபர் மாதம் முழுவதிலும் வழக்கமாகக் கிடைப்பதைப்போல் அது மூன்று மடங்குக்கும் அதிகம். அப்போது ஏறத்தாழ 25 மீட்டர் நீளத்துக்கு உட்பக்க மண் இடிந்து விழுந்தது. அறுநூற்றைம்பது ஆண்டுகள் நின்ற சுவர் என்று நிம்மதியாக இருக்க முடியாது, அதற்குப் பழக்கமான மழை வேறு.

கவுண்டி என்று கேட்டிருப்பதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: சுவருக்குள் இருக்கும் நகரம் வெறும் 2.25 சதுர கிலோமீட்டர்தான், கவுண்டியின் மிகப் பழைய கட்டடம் அதற்கு வெளியே இருக்கிறது. வடகிழக்கில் ஒரு கிராமத்தில் உள்ள சென்குவோ கோயிலின் மரமண்டபம் 963 இல் கட்டப்பட்டது. கூரையைத் தாங்கும் மரத்தாங்கிகளின் அடுக்கு, தூணின் உயரத்தில் பாதிக்கும் மேல் இருக்கும். உள்ளே அதே காலத்துச் சுடாத மண்சிலைகளும் உள்ளன. தென்மேற்கிலுள்ள சுவாங்லின் கோயிலில் வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். 2014 முதல் தையுவானிலிருந்து அதிவேக ரயில் இருப்பதால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அப்படிப் போகிறவர்கள் கடைகள் நெருங்கிய தெற்குத் தெருவில் பொழுதைக் கழித்துவிடாமல், முற்பகலை இவ்விரு கோயில்களுக்கும், வெயில் தாழ்ந்த நேரத்தைச் சுவரின்மேல் நடப்பதற்கும் ஒதுக்கினால் நல்லது.